தோலுக்குள் ஒரு கிடங்கு: ஃபென்டனில் வலியை எப்படி ஆற்றுகிறது, எங்கே ஆபத்தாகிறது

பார்ப்பதற்கு அது ஒரு சாதாரண பிளாஸ்திரி மாதிரிதான் இருக்கும். மெல்லியது, ஏறக்குறைய நிறமே இல்லாதது, பெரிய தபால்தலை ஒன்றின் அளவு. உறையைப் பிரித்து, பின்பக்கத் தாளை உரித்து, மார்பிலோ முதுகிலோ மேல்கையிலோ ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் வேலை முடிந்தது. குத்தல் இல்லை, கசப்பு இல்லை. மூன்று நாளைக்கு அப்படியே விட்டுவிடலாம். தொண்டையிலோ வயிற்றிலோ புற்றுநோய் வந்து ஒரு மாத்திரையைக்கூட விழுங்க முடியாமல் கிடப்பவருக்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

அதே பேட்ச் தரையில் விழுந்து ஒரு தவழும் குழந்தையின் கையில் அகப்பட்டால் அந்தக் குழந்தையின் உயிரே போகலாம்.

இதற்குள் இருக்கும் மருந்தின் பெயர் ஃபென்டனில். ஓபியாய்டு என்று சொல்லப்படும், அபினிக் குடும்பத்து வலிநிவாரணிகளில் மிக வலுவானவற்றில் ஒன்று. செய்திகளில் இது கொடிய விஷமாக வருகிறது. மருத்துவமனைகளிலோ அறுவை அரங்கில் தினமும் கையாளப்படும் மருந்து இது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இடம் பெற்றிருக்கிறது. இரண்டு பேச்சும் உண்மை. இரண்டுக்கும் வேர் ஒரே குணத்தில் இருக்கிறது: ஃபென்டனில் கொழுப்பில் சட்டென்று கரையும். இந்த ஒன்றை நன்றாகப் புரிந்துகொண்டால், மருந்துடன் வரும் நீண்ட எச்சரிக்கைத் தாளில் பெரும்பாலானவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு விதியும் ஏன் என்று தானாகவே விளங்கும்.

ஃபென்டனிலை உருவாக்கியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த மருத்துவர் பால் யான்சன். 1950களின் கடைசியில் அவருடைய குழுவுக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது. மார்ஃபின் நல்ல வலிநிவாரணி, ஆனால் மூளைக்குள் நுழைய நேரம் எடுத்துக்கொள்கிறது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர்களில் நெருக்கமாக அடுக்கிய செல்களின் படலம் கொழுப்பால் ஆனது; கொழுப்பில் எளிதில் கரையாத மார்ஃபின் அங்கே தயங்கி நிற்கிறது. கொழுப்பில் கரையும்படி ஒரு மூலக்கூறைச் செய்தால்? மார்ஃபினைவிட எளிய அமைப்புள்ள பெத்திடின் என்ற மருந்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அங்கங்கே மாற்றிப் பார்த்து, 1960ஐ ஒட்டி அவர்கள் ஃபென்டனிலுக்கு வந்து சேர்ந்தார்கள். 1963 வாக்கில் அது ஐரோப்பாவில் ஊசியாகப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வலிமை என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். இந்த வாக்கியம் நிறையப் பேரைத் தவறாகப் புரிந்துகொள்ள வைக்கிறது. மார்ஃபின் ஆற்றாத வலியை இது நூறு மடங்கு ஆற்றிவிடும் என்று பொருள் இல்லை. 10 மில்லிகிராம் மார்ஃபின் ஊசி செய்யும் வேலையை 100 மைக்ரோகிராம் ஃபென்டனில் ஊசி செய்யும், அவ்வளவுதான். வலி ஆறும் அளவு ஒன்றே. தேவைப்படும் எடைதான் குறைவு. அந்த எடை எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். 100 மைக்ரோகிராம் என்றால் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்றிரண்டு உப்புப் பரல்களின் எடை. இவ்வளவு சிறிய அளவில் வேலை செய்யும் மருந்தில் மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று ஒருவர் தவறாகப் படித்தாலோ, புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்தாலோ திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்காது.

ஊசியாகப் போகும்போது

அறுவை அரங்கில் ஃபென்டனிலின் வேகத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆம்பூல் எனப்படும் 2 மில்லிலிட்டர் மருந்துக் குப்பியில் 100 மைக்ரோகிராம் இருக்கும். மயக்கவியல் மருத்துவர் அதை ரத்தக்குழாயில் செலுத்திய ஓரிரு நிமிடத்தில் நோயாளியின் முகத்தசைகள் தளர்கின்றன. சிலருக்கு ஒரு சின்ன இருமல் வரும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் மருந்து உச்சத்தைத் தொடும். மார்ஃபினுக்கு இதற்குச் சுமார் 20 நிமிடம் ஆகும். கத்தி படும் நேரம், குழாய் தொண்டைக்குள் இறங்கும் நேரம் என்று வலி எப்போது உச்சமாகும் என்பது முன்கூட்டியே தெரிந்த இடத்தில் இந்த வேகம் விலைமதிப்பற்றது.

அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அதன் வேகம் தணிந்துவிடும். இதைப் பார்த்து, உடல் அதற்குள் மருந்தை அழித்துவிட்டது என்று நினைத்துவிடுவது எளிது. உண்மையில் மருந்து அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. மூளைக்குள் எவ்வளவு வேகமாக நுழைந்ததோ அவ்வளவு வேகமாக வெளியே வந்து தசையிலும் கொழுப்பிலும் போய் ஒளிந்துகொள்கிறது. ஒரு டோஸ், இரண்டு டோஸ் என்றால் கவலையில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்கில், நாள் கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றும்போது அந்த ஒளிவிடங்கள் நிரம்பிவிடுகின்றன. அப்புறம் மருந்தை நிறுத்தினாலும் அவை மெல்ல மெல்ல ரத்தத்துக்குள் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ‘குறுகிய நேர மருந்து’ என்று பெயர் வாங்கியது, நீண்ட நேர மருந்தாக நடந்துகொள்ளத் தொடங்கும்.

ஃபென்டனிலை மருத்துவர்கள் விரும்ப வேறு காரணங்களும் உண்டு. ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை மார்ஃபின் கிளப்பிவிடும். அதனால் அரிப்பு வரலாம், ரத்த அழுத்தம் சரியலாம். ஃபென்டனிலில் இது மிகக் குறைவு, அதனால் இதய அறுவைச் சிகிச்சையில் அதற்குத் தனி மதிப்பு. மார்ஃபின் உடலில் உடைந்த பிறகு உருவாகும் பொருள்களில் ஒன்று வீரியம் உள்ளது. சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடலில் அது தேங்கி நின்று மயக்கத்தில் ஆழ்த்திவிடும். ஃபென்டனில் உடைந்து வருவது அப்படி வேலை செய்வதில்லை. ஆகவே டயாலிசிஸில் இருப்பவருக்கு வலிநிவாரணி தேடும்போது பெரும்பாலும் இதன் பெயர் முன்னால் வருகிறது. ஒரு தொல்லையும் உண்டு: பெரிய டோஸை வேகமாகச் செலுத்தினால் நெஞ்சுத் தசைகள் மரப்பலகை மாதிரி விறைத்து, செயற்கையாகக்கூட காற்றை உள்ளே தள்ள முடியாமல் போகலாம். தசைகளைத் தளர்த்தும் மருந்தும், மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கத் தெரிந்த கைகளும் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் இந்த ஊசியை இப்படிப் போட வேண்டும்.

பேட்ச்சின் நிதானம்

கொழுப்பில் கரையும் அதே குணத்தால்தான் தோலையும் இது கடக்கிறது. தோலின் மேல்படலம் தண்ணீரைத் தடுக்கும், பெரும்பாலான மருந்துகளைத் தடுக்கும். மூலக்கூறு சிறியதாக இருந்து, கொழுப்பிலும் கரைந்து, மிகக் குறைந்த அளவிலேயே வேலையும் செய்தால் மட்டும் உள்ளே விடும். ஃபென்டனிலுக்கு இந்த மூன்று தகுதியும் இருக்கிறது. 1990ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஃபென்டனில் பேட்ச்சுக்கு ஒப்புதல் அளித்தது. மணிக்கு 12, 25, 50, 75, 100 மைக்ரோகிராம் என்று இறங்கும் அளவுகளில் அது கிடைக்கிறது.

ஊசியில் மின்னல் வேகம் காட்டிய மருந்து பேட்ச்சில் ஆமை வேகத்தில் வருகிறது. முதலில் தோலின் கொழுப்புப் படலங்கள் நிரம்ப வேண்டும். அங்கே ஒரு கிடங்கு உருவாகி, அந்தக் கிடங்கிலிருந்துதான் ரத்தத்துக்குள் கசிகிறது. ஒட்டிய முதல் சில மணி நேரம் ரத்தத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. 12 முதல் 24 மணி நேரத்தில்தான் அளவு ஏறும். உச்சத்தைத் தொடுவதற்கு அதற்கு மேலும் ஆகலாம். கழற்றினாலும் இதே கதைதான். பேட்ச் போய்விடும், கிடங்கு போகாது. ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே சுமார் 17 மணி நேரம், பலருக்கு அதைவிடவும் அதிகம் ஆகும்.

நடக்கும் தவறுகளில் பல இந்த நிதானத்தைப் புரிந்துகொள்ளாமல் நடப்பவை. காலையில் முதல் பேட்ச்சை ஒட்டுகிறார்கள். மதியம் வரை வலி குறையவில்லை. பார்த்துக்கொள்பவருக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியில் இன்னொன்று இருக்கிறது, அதையும் ஒட்டிவிடுகிறார். சாயங்காலம் கொஞ்சம் பரவாயில்லை. நள்ளிரவுக்கு மேல் இரண்டு பேட்ச்சும் சேர்ந்து முழு வேகத்தில் இறங்குகின்றன, எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில். இவ்வளவுக்கும் காரணம் அன்பு. அதனால்தான் முதல் ஒரு நாளைக்கு வலியைத் தாங்க வேறு வலிநிவாரணி தொடர வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்கும் மருத்துவர் வாயால் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்லும் வரை விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

பல் பிடுங்கிய வலி, அறுவைக்குப் பிந்தைய வலி, எலும்பு முறிவு போன்ற திடீர் வலிக்கும், வந்து வந்து போகும் வலிக்கும் பேட்ச் கூடவே கூடாது என்பதும் இங்கிருந்துதான் வருகிறது. அந்த வலி ஏறும்போது மருந்து இருக்காது. வலி இறங்கிய பிறகு மருந்து ஏறிக்கொண்டிருக்கும். வலி என்பது மூச்சைத் தூண்டிவிடும் ஒன்று. அது இல்லாத உடம்பில் ஓபியாய்டு மட்டும் ஏறினால் எதிர்த்து நிற்க ஆளில்லை. இப்படிப்பட்ட மரணங்களை முன்னிட்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005ல் ஒரு முறையும் 2007ல் இன்னொரு முறையும் பொது எச்சரிக்கை விட்டது. தலைவலி மாதிரியான வலிகளுக்கெல்லாம், ஓபியாய்டே பழகாதவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பழக்கம் என்பதற்கு இங்கே ஒரு கணக்கே இருக்கிறது. ஒரு வாரமோ அதற்கு மேலோ தினமும் குறைந்தது 60 மில்லிகிராம் மார்ஃபினை வாய்வழி எடுத்து வந்தவர், அல்லது அதற்குச் சமமான வேறு ஓபியாய்டு எடுத்து வந்தவர்தான் பேட்ச்சுக்குத் தகுதியானவர். மணிக்கு 25 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, சின்ன எண்தானே, சின்ன டோஸ்தானே என்று தோன்றும். அது ஒரு நாளைக்குக் குறைந்தது 60 மில்லிகிராம் வாய்வழி மார்ஃபினுக்கு ஈடு. வாழ்க்கையில் ஓபியாய்டே தொடாத ஒருவருக்கு அது தொடக்க அளவாக இருக்கவே முடியாது.

சூடு

பேட்ச்சுக்கும் தோலுக்கும் நடுவில் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தலைகீழாக்குவது வெப்பம். தோல் சூடானால் மருந்து பேட்ச்சிலிருந்து வேகமாக வெளியேறும், தோலுக்கு அடியில் ரத்த ஓட்டம் கூடும், கிடங்கு மளமளவென்று காலியாகி ரத்தத்துக்குள் கொட்டும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே பேட்ச் ஒட்டியிருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அது வெறும் காய்ச்சல் இல்லை. மருந்தின் டோஸும் சேர்ந்து மாறுகிறது, மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். வலிக்கிற இடத்தில் சுடுதண்ணீர்ப் பை வைப்பது நமக்குத் தானாக வரும் பழக்கம். பேட்ச்சின் மேல் அதை வைக்கக்கூடாது. மின்சாரப் போர்வை, கொதிக்கக் கொதிக்கக் குளியல், நீராவி அறை, நெடுநேர வெயில் எல்லாவற்றுக்கும் இதே தடை.

வலி இருக்கிற இடத்திலேயே ஒட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. மருந்து ரத்தம் வழியாக மூளைக்குப் போய்த்தான் வேலை செய்கிறது. முழங்கால் வலிக்கும் முதுகில் ஒட்டலாம். காயமில்லாத, தட்டையான, முடி குறைவான தோல் போதும். முடி இருந்தால் கத்தரிக்கலாம், சவரம் செய்யக் கூடாது; கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே மருந்து அதிகமாக இறங்கும். ஒட்டும் இடத்தைச் சோப்போ எண்ணெயோ போடாமல் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். அடுத்த பேட்ச்சை வேறு இடத்தில் ஒட்ட வேண்டும், பழையதைக் கழற்றிய பிறகு. இந்தக் கடைசி வரி சொல்லத் தேவையில்லாதது போலத் தோன்றும். நிறமில்லாத பேட்ச் தோலோடு தோலாகக் கலந்துவிடுவதால் பழையது இருப்பதே தெரியாமல் புதியதை ஒட்டிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2013ல் பேட்ச்சின் மேல் இருக்கும் எழுத்தைப் பளிச்சென்று தெரியும் நிறத்தில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவில் விதியையே மாற்றினார்கள். எந்த நாள், எந்த நேரம், உடம்பில் எந்த இடம் என்று ஒரு காலண்டரில் குறித்து வைப்பதைவிட நல்ல வழி இல்லை.

மூச்சு எப்படி நிற்கிறது

ஓபியாய்டு மரணம் என்றால் பெரும்பாலும் மூச்சு நின்ற மரணம். மூளைத்தண்டில் இருக்கும் ஒரு சின்ன நரம்புக் கூட்டம்தான், நாம் நினைக்காமலே நமக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் அது உசுப்பப்பட்டு மூச்சை ஆழமாக்கும். மருந்து வந்து உட்காரும், செல்லின் மேல் உள்ள இடத்தை ஏற்பி என்பார்கள். ஃபென்டனில் வலியை ஆற்ற எந்த ஏற்பியைத் தொடுகிறதோ, அதே மியூ ஏற்பி அந்த நரம்புக் கூட்டத்திலும் இருக்கிறது. அங்கே மருந்து உட்கார்ந்ததும் கரியமில வாயுவின் தட்டல் காதில் விழுவதில்லை. மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பே வராது. அதுதான் இதில் பயங்கரம்: தண்ணீரில் மூழ்குகிறவர் திமிறுவார், இவர் திமிற மாட்டார்.

அறுவை முடிந்து விழிப்பறையில் படுத்திருக்கும் ஒருவரிடம் இதைப் பார்க்கலாம். செவிலியர் தோளைத் தொட்டு, “ஐயா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்கிறார். அவர் கண்ணைத் திறக்காமலே இழுத்து விடுகிறார். இன்னொரு தடவை சொன்னால் இன்னொரு தடவை. செவிலியர் அந்தப் பக்கம் திரும்பினால் மூச்சு அப்படியே நின்றுவிடுகிறது. சொன்னால் விட முடிகிறது, சொல்லாவிட்டால் மறந்துவிடுகிறது. விருப்பப்பட்டு மூச்சு விடும் பாதை மூளையில் வேறு; தானாக விடும் பாதை வேறு. மருந்து இரண்டாவதைத்தான் அமுக்கியிருக்கிறது.

மூச்சு குறைவதற்கு முன்னால் பெரும்பாலும் மயக்கம் கூடும். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் அறிகுறி அதுதான், அதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஒரு வாரமாக வலியில் புரண்டவர் இன்று நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். இதுவரை இல்லாத கனத்த குறட்டை, இழுத்து இழுத்து விடும் மூச்சு, தட்டி எழுப்பியும் பேச்சு குழறிக் கண் மூடிக்கொள்வது, கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருப்பது, உதடும் நகமும் நீலம் பாய்வது: இவற்றில் எதைப் பார்த்தாலும் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர்களுக்கு ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணி, பத்துக்குக் கீழே போனால் உடனே உதவி கூப்பிட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருப்பவருக்கு மூச்சு பாதியாகக் குறைந்த பிறகும் அந்த எண் கொஞ்ச நேரம் நன்றாகவே காட்டும்.

இந்த ஆபத்தை மேலும் தள்ளிவிடும் கைகள் பல. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான டயசபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகள், மது இவை மூன்றும் முதல் வரிசையில் நிற்கின்றன. நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், பிரிகாபலினும் மூச்சை அமுக்கலாம் என்று 2019ல் தனி எச்சரிக்கை வந்தது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உள்ளவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், உடல் வற்றிய முதியவர்கள் எல்லோருக்கும் கூடுதல் கவனம் தேவை. கல்லீரலில் ஃபென்டனிலை உடைக்கும் நொதியை வேறு சில மருந்துகள் முடக்கிவிடும்: கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள், கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் ஆகிய பூஞ்சை மருந்துகள், எச்.ஐ.வி. சிகிச்சையில் வரும் ரிடோனவிர். சளிக்கு என்று வேறொரு மருத்துவர் எழுதிய ஆன்டிபயாட்டிக், மூன்று மாதமாக ஒழுங்காக இருந்த பேட்ச்சை அளவு மீறிய பேட்ச்சாக்கிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின், ஃபெனிடோயின் இதற்கு நேரெதிர். மருந்தைச் சீக்கிரம் கரைத்து வலியைத் திரும்பக் கொண்டுவரும். அவற்றை நிறுத்திய பிறகு வரும் நாள்கள்தான் இன்னும் ஆபத்தானவை: ஃபென்டனில் உடையும் வேகம் குறைந்து, அதே பேட்ச்சில் ரத்தத்தில் அளவு ஏறும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக ‘நான் ஃபென்டனில் பேட்ச் ஒட்டியிருக்கிறேன்’ என்று சொல்வது பழக்கமாக வேண்டும்.

இதற்கு முறிமருந்து இருக்கிறது. நலோக்சோன். 1961ல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு 1971ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மியூ ஏற்பியில் உட்கார்ந்திருக்கும் ஃபென்டனிலைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். ஊசியாகவும் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் உண்டு. ஸ்ப்ரேயை அமெரிக்காவில் 2023 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஓபியாய்டு இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டால்கூட பெரிய கெடுதல் செய்யாது. நீலம் பாய்ந்து கிடந்தவர் ஓரிரு நிமிடத்தில் கண் விழித்து உட்கார்வார். இங்கேதான் மறுபடியும் அந்தக் கிடங்கை நினைவில் வைக்க வேண்டும். நலோக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான் தாங்கும். தோலுக்குள் இருக்கும் ஃபென்டனில் ஒரு நாளைக்கு மேல் தாங்கும். விழித்தவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்குக் கிளம்பினால், வழியில் மறுபடி மூச்சு இறங்கலாம். பேட்ச்சைக் கழற்றிவிட்டு, குறைந்தது ஒரு நாளாவது மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

பயத்தைப் பற்றி

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்த மருந்தே வேண்டாம் என்று ஒரு புற்றுநோயாளியின் குடும்பம் முடிவு செய்துவிடக் கூடாது. அப்படி முடிவெடுத்தால் அதன் விலையைக் கொடுப்பவர் படுக்கையில் இருப்பவர். தகுதியானவருக்கு, சரியான அளவில், கவனித்துக்கொள்ள ஆளோடு கொடுத்தால் ஃபென்டனில் பேட்ச் பாதுகாப்பானது. மார்ஃபினைவிட மலச்சிக்கல் சற்றுக் குறைவு என்பது கூடுதல் நன்மை. குறைவுதான், இல்லாமல் போவதில்லை. குமட்டலும் தூக்கக் கலக்கமும் நாளாக ஆகப் பழகிப் போகும். மலச்சிக்கலுக்கு உடம்பு பழகுவதே இல்லை. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்ந்து வர வேண்டும். வலி தாங்கியவர்கள்கூட மலச்சிக்கல் தாங்காமல் மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

‘அடிமையாகிவிடுவாரோ’ என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. இரண்டு வேறு விஷயங்களை ஒரே சொல்லால் சொல்கிறோம். வாரக்கணக்கில் ஓபியாய்டு எடுக்கும் எவருடைய உடம்பும் அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம், தூக்கமின்மை வரும். இது உடலின் சார்பு. படிப்படியாகக் குறைத்தால் சமாளிக்கலாம். அடிமைத்தனம் என்பது வேறு: கெடுதல் செய்கிறது என்று தெரிந்தும் அதைத் தேடி ஓடும் கட்டுப்பாடிழந்த நிலை. அது வரவே வராது என்று சொல்ல மாட்டேன். முன்பு மதுவுக்கோ வேறு போதைக்கோ அடிமையாக இருந்தவர்களிடம் வாய்ப்பு அதிகம், மருத்துவரிடம் அதை மறைக்கக் கூடாது. ஆனால் புற்றுநோய் வலிக்கு மருந்து கேட்பவரைப் போதைக்காரர் போலப் பார்ப்பது கொடுமை.

அமெரிக்காவில் 2022ல் மட்டும் போதை அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் 70,000க்கும் அதிகமானோரின் மரணத்தில் செயற்கை ஓபியாய்டுகள், முக்கியமாக ஃபென்டனில், சம்பந்தப்பட்டிருந்தன. அதில் பெரும்பகுதி சட்டவிரோதக் கூடங்களில் தயாரித்து, போலி மாத்திரைகளிலும் தூளிலும் கலந்து விற்றது. 2016ல் இறந்த இசைக்கலைஞர் பிரின்ஸ் உட்கொண்டது அப்படி ஒரு போலி மாத்திரைதான் என்று விசாரணையில் தெரிந்தது. வேறு வலிநிவாரணி என்று நினைத்து அதை எடுத்திருக்கிறார். தூளைக் கலக்கும்போது ஒரு மாத்திரையில் இரண்டு பரல் கூடிவிட்டால் அதுவே சாவு. மருத்துவமனை ஆம்பூலில் இருக்கும் 100 மைக்ரோகிராம் எப்போதும் 100 மைக்ரோகிராம்தான்.

ஃபென்டனில் தூளைத் தொட்டாலே உயிர் போய்விடும் என்று ஒரு பேச்சும் சுற்றுகிறது. அமெரிக்க நச்சியல் மருத்துவர்களின் அமைப்புகள் இரண்டு 2017ல் இதை ஆராய்ந்து மறுத்தன. இரண்டு உள்ளங்கையையும் முழுக்க பேட்ச்சால் மூடினாலும் 100 மைக்ரோகிராம் உள்ளே போகச் சுமார் 14 நிமிடம் ஆகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. தற்செயலாகப் பட்டால் தண்ணீரால் கழுவினால் போதும். மதுசாரம் கலந்த கைக்கழுவி வேண்டாம், அது மருந்து தோலுக்குள் இறங்குவதைக் கூட்டலாம். இந்தப் பொய்ப் பயத்தால் மயங்கிக் கிடப்பவரைத் தொட்டு உதவத் தயங்குகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கழற்றிய பேட்ச்

பயப்பட வேண்டிய இடம் வேறு. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், மணிக்கு 25 மைக்ரோகிராம் தரும் பேட்ச்சுக்குள் 4.2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்தில் உடம்புக்குள் போவது 1.8 மில்லிகிராம். மீதி 2.4 மில்லிகிராம், அதாவது பாதிக்கும் மேல், ‘தீர்ந்துபோன’ பேட்ச்சிலேயே இருக்கிறது. 2012ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 15 ஆண்டுக் கணக்கை வெளியிட்டது: பேட்ச் தவறுதலாக அகப்பட்ட குழந்தைகள் 26 பேர், அவர்களில் 10 பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலோர் இரண்டு வயதோ அதற்குக் கீழோ. சிலர் குப்பையிலிருந்து எடுத்தார்கள். சிலருக்கு, தூக்கி வைத்திருந்த பெரியவரின் உடம்பிலிருந்து கழன்று ஒட்டிக்கொண்டது. வாயில் போட்டு மென்றால் தோல் என்ற நிதானம் அங்கே இல்லை. வாயின் ஈரச் சவ்வு மருந்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். 1998ல் வந்த, குச்சியில் செருகி வாயில் வைத்துச் சுவைக்கும் ஃபென்டனிலுக்கும் இதே அபாயம் உண்டு. புற்றுநோயாளிக்குத் திடீரென்று எகிறும் வலிக்கானது அது, ஆனால் பார்த்தால் குச்சி மிட்டாய்.

ஆகவே கழற்றியவுடன், அந்த நிமிடமே, ஓரத்தில் அழுக்குப் படிந்த அந்தப் பேட்ச்சின் ஒட்டும் பக்கம் ஒட்டும் பக்கத்தோடு சேரும்படி இரண்டாக மடித்து அழுத்த வேண்டும். அதன் பிறகு என்ன செய்வது என்பதில் நாட்டுக்கு நாடு முறை வேறுபடும். அமெரிக்காவில் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள், சில நாடுகளில் மருந்தகத்தில் திருப்பித் தரச் சொல்கிறார்கள். மடிப்பது எல்லா இடத்திலும் பொது.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் இறந்துபோன நாளில் இதையெல்லாம் யாரும் நினைக்க மாட்டார்கள். உடம்பில் பேட்ச் இன்னும் ஒட்டியிருக்கும். மரணத்தை உறுதி செய்ய வரும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ அதைக் காட்டிவிட வேண்டும். இழுப்பறையில் பிரிக்காத உறைகள் நாலைந்து மிஞ்சியிருக்கும். எண்ணிப் பார்த்து, அந்த வாரத்துக்குள் மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து வீட்டில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், ‘அப்பாவுக்கு இது நல்லா கேட்டுச்சே’ என்று யாரோ ஒருவர் அந்த இழுப்பறையைத் திறப்பார். முதுகு பிடித்தவர் அதுவரை மார்ஃபினைத் தொட்டே இருக்க மாட்டார்.